உற்றுப் பார்த்தவள்

"படத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கவா இவ்வளவு தூரம் வராங்க? கருமம்!" டச்சு அருங்காட்சியகக் காவலர் வீபே முகம் சுளித்தார்.

உடன் நின்ற சக காவலர் ஃபெம்கே கைகாட்டினாள். "அங்க பாருங்க, ஒருத்தி போனையே வெளிய எடுக்கல."

கன்னங்கரிய பின்னணியில் ஒரு பெண்முகம். உலகமே கொண்டாடும் அந்த ஓவியத்தை நெருங்கி நின்று, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். வாய்கூட லேசாகத் திறந்திருந்தது.

வீபேவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அருகில் போனார்.

"ஓவியத்தை இப்படிப் பார்க்குற ஆளைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! அப்படி என்னம்மா தெரியுது அதுல?"

அவள் பல்லிடுக்கில் நகத்தை விட்டு நெம்பி, எடுத்ததை அவர் முன் நீட்டினாள்.

"வெங்காயம் சார். வாசல் கடையில ஹெரிங் மீனோட தின்னது. நல்லவேளை, படத்துக்குக் கண்ணாடி போட்டு வச்சிருக்கீங்க!"