குறையாத ஆயில்

பிரித்துக் கட்டிய டர்போ இன்ஜின் ஆயில் குடிக்கும் என்பது அல்லிநகரத்துக் காக்கைக்கும் தெரியும். முத்துக்குமரனின் காரிலோ, குமுளி மலை ஏறி இறங்கும்போதெல்லாம் ஆயில் கூடியது.

மெக்கானிக் விஜயகுமார் ஆயில் அளவுக்கம்பியை உருவி முகர்ந்தான். "டீசலும் கலக்கல, தண்ணியும் கலக்கல. வித்துருங்கண்ணே."

"கறக்குற மாட்ட எவன்டா விப்பான்?"

ஆனால் மலைக்குக் கூடவே வரும் மனைவி ஹேமாவதி இளைத்துக்கொண்டே போனாள். மோதிரம் கழன்றது. வளையல் முழங்கையைத் தாண்டியது. வீரபாண்டித் திருவிழாவில் காற்றே அவளை நாலடி நகர்த்தியது.

நோயே இல்லையென்று டாக்டர் கைவிரித்த அன்றுதான் முத்துக்குமரனுக்குப் பொறி தட்டியது. அந்தப் பாழாய்ப்போன ஆயிலை ஒழித்துக்கட்ட, காருக்கடியில் படுத்து ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினான். இரண்டு நாளாக ஓடாத வண்டி. ஆயில் உடம்புச் சூட்டில் வழிந்தது.

அடுப்படியிலிருந்து ஹேமாவதியின் குரல் வந்தது.

"ஏங்க, அத மூடுங்க. எனக்குக் குளிருது."