இளஞ்சூடு

பரோட்டாக் கடையில் அடுப்படிக்குப் போகுமுன் எல்லோரும் காந்தத் தொப்பியை மாட்டிக்கொள்ள வேண்டும். மண்டையில் டக்டக்கென்று தட்டும், கட்டைவிரல் தானாகத் துள்ளும். அதன்பிறகு கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் அடித்தாலும் சுடாது. வீடு போய்ச் சேர்வதற்குள் கைக்குச் சூடு பழையபடி தெரிய ஆரம்பித்துவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

இரவு வேலை முடிந்து வந்திருந்த அன்று காலை, அந்தக் கடையின் பரோட்டா மாஸ்டர் இசக்கிராஜ் தன் கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவினான். கையை விட்டுப் பார்த்தான். இளஞ்சூடுதான். பிள்ளையைத் தூக்கித் தொட்டிக்கு மேலே கொண்டுபோனபோது, துண்டோடு வந்த மனைவி பேச்சியம்மா அலறிவிட்டாள்.

"ஐயோ, ஆவி பறக்கு, கண்ணு தெரியலையா? உங்க கையப் பாருங்க!"

மணிக்கட்டுவரை செக்கச்செவேலென்று சிவந்து, விரல்களில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இசக்கிராஜ் கிட்டே போனான். வீறிட்டு அழுத பிள்ளையின் கன்னத்தை மெல்லத் தொட்டான். சிமெண்டுத் தரையைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது.

"பேச்சி," என்றான். "பிள்ளை உடம்பு வெதுவெதுன்னுதானே இருக்கு?"