ராஜமாதாவுக்கு விஷம்

"கட்!"

கத்தியது டைரக்டர் இல்லை. மானிட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வரலாற்று ஆலோசகர்.

"இப்ப என்ன சார்?" டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ராஜா தட்டுல தக்காளி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"அந்த ராஜா காலத்துல இந்த நாட்டுக்கே தக்காளி வரலை. எடு."

எடுத்தார்கள். அடுத்து ராணியின் உடையில் ஜிப்.

"முதுகுப் பக்கம்தானே சார், கேமரா பார்க்காது."

"கேமரா பார்க்காது. நான் பார்க்கறேனே."

ஜிப்பைப் பிரித்து நாடா தைப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது.

எல்லாம் ராஜா செய்த வினை. ஒருநாள் கைக்கடிகாரத்தோடு போருக்குப் போனார். ஊரே கைகொட்டிச் சிரித்தது. மானம் போன சேனல், ஓய்வுபெற்ற இந்தப் பேராசிரியரைக் கொண்டுவந்து உட்கார வைத்து, 'அச்சு அசல் வரலாறு' என்று தெருத்தெருவாகப் போஸ்டர் ஒட்டியது. யூனிட்டில் அவருக்குப் பெயர் 'சரித்திரம்'.

"சரித்திரம் வந்தாலே நமக்குத் தரித்திரம்தான்" என்று முணுமுணுத்தார் கேமராமேன்.

டைரக்டருக்கோ வீட்டில் தக்காளியைப் பார்த்தாலே பகீரென்றது.

இதற்கு நடுவில் ரேட்டிங் வேறு படுத்துவிட்டது. சேனலிலிருந்து போன்.

"முக்கியமான யாரையாவது சாகடிங்க. ஜனங்க அழணும். இல்லேன்னா சீரியலையே சாகடிச்சிடுவோம்."

டைரக்டர் யோசிக்கவே இல்லை. ராஜமாதா!

ராஜமாதாவாக நடித்த அம்மாளுக்கு வயதாகிவிட்டது. வசனம் மறந்துபோகும். மறந்த இடத்தில் எப்போதோ நடித்த சீரியலின் வசனத்தைச் செருகிவிடுவார். வேலை இல்லாத நாளிலும் வந்து மேக்கப் அறையில் உட்கார்ந்திருப்பார். "வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா" என்றால், "அங்க சுவத்தோடயா பேசறது, தம்பி?" என்பார்.

சாவு சீனைப் படித்துக் காட்டினார்கள்.

"அப்ப இன்னியோட முடிஞ்சுதா, தம்பி?"

"ஆமாம்மா. கடைசி சீன். நல்லா அழ வெச்சுடுங்க."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். கண்ணாடி முன்னால் வைத்திருந்த சீப்பு, பவுடர் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு செட்டுக்கு வந்தார்.

கட்டில் தயார். பால் தயார். பாலில் விஷம் தயார்.

"மகனே..." என்று ராஜமாதா கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

"கட்!"

டைரக்டர் எகிறிக் குதித்தார். "பால்ல என்ன சார் தப்பு? மாடு அப்பவும் இருந்துச்சுல்ல?"

"பால்ல தப்பில்லை. சாவுலதான் தப்பு. ராஜமாதா இப்ப சாகலை."

"வேற எப்ப செத்தாங்க?"

"பேரன் முடிசூட்டிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடினா."

"பேரன் இன்னும் பொறக்கவே இல்லையே சார்!"

"அதுக்கு நான் என்னப்பா பண்றது?"

"சார், இது சீரியல். பரீட்சை பேப்பர் இல்லை. நாலு பேர் பார்த்து அழுதாத்தான் இங்க இத்தனை பேர் வீட்ல அடுப்பு எரியும்."

"எரியட்டும். டைட்டில்லேருந்து என் பேரை எடுத்துடு. ஏன் எடுத்தாங்கன்னு பேப்பர்காரன் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

டைரக்டருக்குத் தெருத்தெருவாக ஒட்டியது ஞாபகம் வந்தது. அவ்வளவு போஸ்டரையும் யார் போய்க் கிழிப்பது?

கட்டிலில் கிடந்த ராஜமாதா மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். "நான் சாகவா, எழுந்திருக்கவா?"

"எழுந்திருங்க!" டைரக்டர் பல்லைக் கடித்தார். பிறகு ஆலோசகர் பக்கம் திரும்பினார். "அப்ப யாரைக் கொல்றது? நீங்களே சொல்லித் தொலைங்க."

"தளபதி. அவன் இந்த வருஷம்தான் செத்தான்."

"போர்லயா?"

"வயித்துப்போக்கு."

"அழ மாட்டாங்க சார். மூக்கைப் பிடிச்சுக்குவாங்க."

ஆலோசகர் கொஞ்சம் யோசித்தார். "சரி, போர்லயே கொன்னுக்கோ."

டைரக்டரால் தன் காதையே நம்ப முடியவில்லை. ஜிப்புக்குக் குடுமிப்பிடிச் சண்டை போட்ட மனுஷனா இது?

தளபதி நெஞ்சில் அம்பு வாங்கிச் செத்தான். ஜனங்கள் குமுறி அழுதார்கள். ரேட்டிங் எழுந்து உட்கார்ந்தது. சேனல் வாயை மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் டைரக்டர் இரண்டு டீயோடு ஆலோசகரிடம் வந்தார். கோபம் பாதி தணிந்திருந்தது.

"சார், ராஜமாதாவோட நிஜப் பேர் என்ன? பேரன் முடிசூடற வரைக்கும் இழுக்கணும்னா ஒரு பேராவது வேணும்ல?"

ஆலோசகர் டீயை ஊதினார். "தெரியாது."

"உங்களுக்கேவா?"

"யாரும் எழுதி வைக்கலை. ராஜாவைப் பெத்துப்போட்ட அன்னிக்கே போய்ச் சேர்ந்துட்டா."

டைரக்டரின் டீ சட்டையில் கொட்டியது.

"அப்ப முதல் எபிசோடுலேருந்தே அந்தம்மா இருக்கக் கூடாதா? ஒரு தக்காளிக்குக் கட் சொன்னீங்களே, இதை ஏன் சார் சொல்லலை?"

"சொல்லத்தான்யா வந்தேன், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே. மேக்கப் ரூம் வாசல்ல அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிச்சு. 'ஐயா, நீங்க வரலாறெல்லாம் படிச்சவராமே. எல்லா சீரியல்லயும் என்னைப் பாதியில சாகடிச்சு வீட்டுக்கு அனுப்பிடறாங்க. இதுல நான் எப்பங்க சாவேன்?'னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஆலோசகர் எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த வம்சத்துலயே ரொம்ப நாள் இருந்தது நீங்கதாம்மான்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."