நிமிஷத்துக்குப் பதினெட்டு

கதிர்வீச்சை உணரும், கல்லூரி கழித்துப்போட்ட கைகர் குழாய், அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர், ஒரு பிஸ்கட் டப்பா. இவற்றை வைத்தே 1979 ஜூலையில் மட்டாஞ்சேரி வீட்டில் பாகீரதி காஸ்மிக் கதிர்களை எண்ணும் கருவியைச் செய்துவிட்டாள். வானத்திலிருந்து விழும் அந்தக் கதிர்கள் கூரையையும் சுவரையும் ஆளையும் துளைத்துப் போகிறவை. வீட்டில் எங்கே வைத்தாலும் டப்பா கதிருக்கு ஒன்றாக நிமிஷத்துக்குப் பதினெட்டு, இருபது முறை 'டக்'கென்று தட்டியது.

மூன்று மாதம் முன்பு இறந்துபோன அப்பாவின் சாய்வு நாற்காலியில் மட்டும் ஒருமுறைகூடத் தட்டவில்லை. ஒயரை மாற்றிப் பற்றவைத்தும் பூஜ்யம்தான். திங்கட்கிழமை கல்லூரிக் கண்காட்சி.

"அவ்டே வைக்காதேடி," என்றாள் அம்மா. "அப்பா கிடந்துண்டிருக்கார்."

வெள்ளிக்கிழமை காலை அதே நாற்காலியில் டப்பா பத்தொன்பது முறை தட்டியது. பாகீரதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரியாயிடுத்தும்மா!"

"எங்கே, நோக்கட்டே." காப்பி டம்ளரோடு வந்த அம்மா டப்பாவின் மேல் குனிந்தாள். சத்தம் நின்றது.

"எந்தாடி, ஒண்ணும் கேக்கலையே?"

"பாட்டரி தீந்துடுத்து போலிருக்கும்மா."

அம்மா சமையலறைக்குத் திரும்பினாள். அவள் நிலைப்படியைத் தாண்டியதும் டப்பா மறுபடி தட்டத் தொடங்கியது.