குட்டி தொலையாத கதை

புது மிஸ் கதைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டியதும் பாதி வகுப்பு கையைத் தூக்கியது.

“மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?”

“மிஸ், இவன் என்னைக் கிள்றான்.”

“நான் எங்க கிள்ளினேன்? இவதான் என் பென்சிலைக் கடிச்சா.”

சற்று முன்வரை மூச்சுவிட மறந்து கதை கேட்ட பிள்ளைகள்.

பின்வரிசையில், பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் பேனா மூடியைக் கழற்றினார். இன்றைய பாடத்தில் தேறினால்தான் அவள் ஆசிரியை. இல்லாவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு. அவள் வீட்டு நிலைமை அவ்வளவு நாள் பொறுக்காது.

அவருக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், பெரிய மிஸ் உட்கார்ந்திருந்தார். இந்த வகுப்பின் ஆசிரியை. மடியில் கைகளைக் கோத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை ஒரு நீர்நாயையும் அதன் குட்டியையும் பற்றியது. குட்டி விளையாடப் போகிறது. புரட்டினால், இடப்பக்கம் தாய் கரையில் நின்று கூப்பிடுகிறது. வலப்பக்கம் முழுவதும் வெறும் தண்ணீர். இன்னொரு முறை புரட்டினால், குட்டி வீடு திரும்பித் தாயின் வயிற்றில் சுருண்டு தூங்குகிறது.

வகுப்பு அலமாரியிலேயே அதிகம் நைந்த புத்தகம் அதுதான். பிள்ளைகளுக்குப் பிடித்தது என்று அதையே தேர்ந்தெடுத்திருந்தாள். நேற்று மாலை எடுத்துப் பார்த்தபோது, தாய் கூப்பிடும் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி, கிழியாமல் பிரித்தெடுத்தாள். தண்ணீரில் வட்டங்கள் வரைந்திருந்தார்கள், யாரோ இப்போதுதான் உள்ளே போனதுபோல. ஆளில்லாத வகுப்பில் அதைப் பார்க்க அவளுக்கே முதுகு சில்லிட்டது.

பிள்ளைகள் பயந்துபோய் ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கதையில் வரும் பயத்தைக் குழந்தைகளிடம் மறைக்கக் கூடாது, கூடவே உட்கார்ந்து கடக்க வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதி, பயிற்சிப் பள்ளியில் பாராட்டு வாங்கியவள் அவள்.

வந்த புதிதில் புத்தகத்தைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு கடகடவென்று படித்து முடிப்பாள். “படம் எங்களுக்கு இல்லியா மிஸ்?” என்று பிள்ளைகள் கேட்ட பிறகுதான் திருப்பிக் காட்டப் பழகினாள். கை தூக்கினால் அதட்டாமல் காத்திருக்கவும் அவர்களிடம்தான் பழகினாள்.

இன்றும் காத்திருந்தாள். புத்தகம் மார்போடு இருந்தது.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்தாள். வாயாடி என்று பெயரெடுத்தவள். ரகசியம் பேசவே வராதவள், எட்டிக் காதோடு சொன்னாள்.

“அதப் படிக்காதீங்க மிஸ்.”

“பயமா இருக்கா கண்ணு?”

“எங்களுக்கு என்ன பயம்? நாங்க எவ்ளோ தடவை பாத்திருக்கோம்.” தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் பின்வரிசைப் பக்கம் உருட்டினாள். “பெரிய மிஸ்ஸோட பாப்பா எங்க கிளாஸ்தான். போன வருஷம் ஆத்துல போயிட்டா. நாங்கதான் ஒட்டி வெச்சோம். ஒட்டிட்டா குட்டி தொலையவே தொலையாது.”

சில நேரம் தெய்வம் இப்படிப் பால்பல் விழுந்த வாயால்தான் பேசும்.

புது மிஸ் பின்வரிசையைப் பார்த்தாள். இந்தக் கதையைப் படிக்கலாமா என்று கேட்டபோது, பெரிய மிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் “படிங்க” என்றிருந்தார்.

மேற்பார்வையாளர் மடியில் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி. விரலை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

குரல் உடையாமல் இருந்தால் போதும், கடவுளே என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டு, அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“விளையாடி முடிச்சிட்டு, குட்டி நேரா வீட்டுக்கு வந்துடுச்சாம்.”

தாகமெடுத்தவர்களுக்குத் தாகம் தீர்ந்துபோயிற்று. கிள்ளியவனும் கடித்தவளும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள்.

பாடம் முடிந்ததும் மேற்பார்வையாளர் அவளை ஓரமாக அழைத்தார்.

“கதைக்கு உயிரே அந்தப் பக்கம்தாம்மா. அத எப்படி விட்டீங்க?”

காரணம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தேறிவிடலாம். பெரிய மிஸ் காது கேட்கும் தூரத்தில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“விட்டுட்டேன் சார்.”

“அடுத்த வருஷம் நல்லா தயார் பண்ணிட்டு வாங்க.” அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

மணி அடித்துப் பிள்ளைகளும் போன பிறகு, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னால் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. பெரிய மிஸ் பசைக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“புத்தகத்த அப்படியே வெச்சிட்டுப் போனா எப்படிம்மா? காலையில புள்ளைங்க வந்ததும் மொதல்ல இதத்தான் எடுத்துப் பாக்குங்க. பிரிஞ்சிருந்தா அதுங்க மனசு தாங்காது.”

விளிம்பில் பசையைத் தடவினார். பழகிய கை.

“இதுங்க ஒட்டினது ஒரு வாரம்கூட நிக்கலை. அப்பறம் நான்தான் ஒட்டி ஒட்டி வெக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்குங்க. நெனச்சிட்டே இருக்கட்டும்.”

புது மிஸ் வாசலிலேயே நின்றாள்.

மூடுவதற்கு முன் பெரிய மிஸ் தண்ணீர்ப் பக்கத்தின்மேல் குனிந்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை, ஒரு பெயரின் நீளத்துக்கு அசைந்து நின்றன.

பிறகு, பக்கத்தை மூடாமல், காது கொடுத்துக் காத்திருந்தார்.

வாசலில் நின்றவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.