பொத்தான் சத்தம்

இருட்டறையில் என் மகள் வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கண் சோதனைக் கருவிக்குள் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். கசிகிற வெளிச்சத்தில் அவள் தோடு மட்டும் மின்னுகிறது. உள்ளே புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணுக்குள் அழுத்தத்தைச் சரியாக வைக்கிற மரபணு எங்கள் குடும்பத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறதாம். பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற கிளாக்கோமா, எனக்கு வந்தது அவளுக்கும் வரலாமாம். டாக்டர் பேச்சை நான் நம்புகிறவன் இல்லை. இதே நாற்காலியில் வெளிச்சம் தெரியாமலே குத்துமதிப்பாக அமுக்கி அவரை ஏமாற்றியவன். போனது என் இடது கண்தான். டக், டக் என்று கேட்ட பொத்தான் சத்தம் நின்றுவிடுகிறது. "தூங்கிட்டியா கழுதை?" என்கிறேன். "சும்மா இருங்கப்பா. தெரிஞ்சா அமுக்க மாட்டேனா?" என்கிறாள். கருவி மட்டும் உறுமுகிறது. அவளுக்குப் பதிலாக என் கட்டைவிரல் வெறும் உள்ளங்கையை அமுக்கிக்கொண்டே இருக்கிறது.