முதலில் கடல்

ஆம்பூர் வீட்டுக் கூடத்தில் நான் பாயிலும், மனைவி மரியம்மாள் அடுக்களை வாசலிலும், மகன் இருதயராஜ் தோல் கட்டின்மேலும், மகள் சலோமி ஜன்னலோரம் தனியாகவும் உட்கார்ந்திருந்தோம். பங்குனியில் வாடகை மோட்டாரில் மலைக்கும் மாவலிபுரத்துக்கும் போவதாகத் திட்டம். சலோமி இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"முதல்ல மலை, அப்புறம் கடல்," என்றேன்.

"கடல்தான் முதல்ல, நைனா."

"கடல் இன்னா, ஓடியா போய்டும்?" என்று சிரித்தான் இருதயராஜ்.

"ஓடாதுண்ணே. ஆனா என்னை மலை ஆஸ்பத்திரியில விட்டுட்டுத்தானே நீங்க கீழ இறங்குவீங்க?"

அவளுக்குச் சயரோகம் என்று டாக்டர் எங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

மோட்டார்காரருக்குக் கடிதம் எழுதினேன்: "முதலில் கடல், பிறகு மலை. போகையில் நால்வர், திரும்புகையில் மூவர்."

உறையை ஒட்டி, இருதயராஜிடம் தபாலுக்குக் கொடுத்தனுப்பினேன்.